வ.உ.சி.யை ஸ்டார்ட்டப் செமினாருக்கு இழுக்காதீங்க மக்கா

ரொம்ப நாளா இந்தப் பக்கம் வரலை. ஆபீஸ்ல ஆணி அதிகம். ஹார்பர்ல கிளியரிங் ஆபீஸ் வேலைன்னா தெரியும்ல, கப்பல் வர்ற நேரம்தான் நமக்கு ராத்திரி, பகல் எல்லாம். ஆனா இன்னைக்கு எழுதாம விட்டா தூக்கம் வராது. அதனால பதிவு கொஞ்சம் நீளம், கொஞ்சம் சூடு. பின்னூட்டத்துல திட்டுறவங்க முழுசா படிச்சுட்டுத் திட்டுங்க, புண்ணியமாப் போகும்.

விஷயம் இதுதான். எங்க அண்ணன் மகன் சென்னையில ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில மூணு வருஷமா வேலை பார்க்கான். போன மாசம் ஊருக்கு வந்தவன் இங்க பக்கத்துல ஒரு கல்லூரியில நடந்த தொழில்முனைவோர் கருத்தரங்குக்குப் போயிருக்கான். காலையில போகும்போது நல்லாத்தான் போனான். சாயங்காலம் வரும்போது கண்ணுல ஒரு வெளிச்சம். ராத்திரி சாப்பாட்டுக்கு உக்காந்த உடனே ஆரம்பிச்சுட்டான்.

"சித்தப்பா, நான் வேலையை விடப் போறேன். நம்ம ஹார்பர் கண்டெய்னர் லாரிக்கு ஒரு ஆப். லாரிக்காரங்களையும் ஏற்றுமதி பண்றவங்களையும் நேரா சேர்த்து வைக்கணும். முதல் ஆறு மாசம் கமிஷனே கிடையாது, எல்லாம் ஃப்ரீ. மார்க்கெட்டைப் புடிச்சுட்டா அப்புறம் இன்வெஸ்டர் தானா வருவாங்க."

சரி, வயசுப் பையன், ஆசைப்படுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன். அடுத்து வந்தது பாருங்க. ஆரம்பச் செலவுக்கு உப்பளத்தை அடமானம் வைக்கணுமாம். எங்க அப்பா விட்டுட்டுப் போனது நாலு ஏக்கர் உப்பளம், அண்ணன் பேர்லயும் என் பேர்லயும் இருக்கு. அண்ணன் கையெழுத்துப் போட ரெடி. நான் போட்டா முடிஞ்சது.

"எந்தத் தைரியத்துலலே கேக்க?" அப்படின்னேன்.

"வ.உ.சி. எந்தத் தைரியத்துல கப்பல் வாங்கினாரு சித்தப்பா? இந்தியாவோட முதல் ஸ்டார்ட்டப் ஃபவுண்டரே நம்ம ஊர்க்காரர்தான். ரிஸ்க் எடுக்காம எதுவும் நடக்காது"ன்னு செல்போன்ல ஒரு ஸ்லைடைக் காட்டினான். ஒரு பக்கம் தலைப்பாகையோட வ.உ.சி. படம். இன்னொரு பக்கம் ஒரு ராக்கெட்டு. கீழ "பெருசா யோசி, வேகமா வளர்".

அந்த ராக்கெட்டைப் பார்த்ததும் எனக்கு வந்த கோவம்தான் இந்தப் பதிவு.



செப்டம்பர் 5 வந்தா நம்ம பதிவர்கள் பாதிப்பேர் ஆசிரியர் தினம்னு எழுதுவோம், மீதிப்பேர் வ.உ.சி. பிறந்தநாள்னு எழுதுவோம். நானும் எழுதியிருக்கேன். கப்பல் வாங்கினார், செக்கிழுத்தார், அவ்ளோதான். நடுவுல அந்தக் கம்பெனி எப்படி ஓடுச்சு, காசு எங்கிருந்து வந்துச்சு, எங்க போச்சுன்னு நாம எழுதுறதே இல்லை. நாம விட்ட அந்த இடத்துலதான் கோட்டு சூட்டு போட்டவங்க வந்து ராக்கெட்டு ஒட்டுறாங்க.

கதையைக் கணக்கோட பார்ப்போம். 1906 அக்டோபர்ல சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனி பதிவாகுது. மூலதனம் 10 லட்சம் ரூபாய். 25 ரூபாய் பங்கு, மொத்தம் 40,000. தலைவர் பாண்டித்துரைத் தேவர், மதுரையில நாலாம் தமிழ்ச்சங்கம் வச்ச அதே ஜமீன்தார். ஹாஜி முகமது பக்கீர் சேட் ஒருத்தர் மட்டும் 8,000 பங்கு, அதாவது 2 லட்சம் ரூபாய். அஞ்சுல ஒரு பங்கு ஒரே ஆள்கிட்ட. நம்ம வ.உ.சி. உதவிச் செயலாளர். ஒட்டப்பிடாரத்து வக்கீல், அப்ப 34 வயசு. அதுக்கு முன்னாடி நெசவுசாலை, சுதேசிப் பண்டகசாலைன்னு சின்னதா சிலது நடத்திப் பார்த்திருக்கார். கப்பல் தொழில் அவருக்குப் புதுசு.

முதல்ல சொந்தக் கப்பல் கிடையாது. பம்பாய் ஷா லைன் கம்பெனிகிட்ட வாடகைக்கு எடுத்தாங்க. எதிரி யாருன்னா பிரிட்டிஷ் இந்தியா ஸ்டீம் நாவிகேஷன், சுருக்கமா பி.ஐ. இந்தக் கரையில கொழும்புப் போக்குவரத்து அவங்க கையில. அவங்க நெருக்கினதும் ஷா லைன் கப்பலைத் திருப்பி எடுத்துக்கிட்டான். இதை எழுதும்போதே ஒரு விஷயம் உறைக்குது. தொழிலோட உயிர்நாடி அடுத்தவன்கிட்ட வாடகைக்கு இருந்தா, எதிரி உங்களை அடிக்க வேண்டியதே இல்லை, அந்த அடுத்தவனைக் கூப்பிட்டுப் பேசினாப் போதும். இன்னைக்கு ஒரே ஒரு பெரிய கம்பெனியோட ஆப் ஸ்டோரை, ஒரே ஒரு கிளவுடை நம்பித் தொழில் பண்றவங்க இந்த வரியை ரெண்டு தடவை படிக்கலாம்.

அப்புறம் கொழும்புல ஒரு கப்பல் பேசி ஓட்டினாங்க. வாடகைக் கப்பல் ஆகாதுன்னு வ.உ.சி. பம்பாய்க்குக் கிளம்பினார். வந்தா கப்பலோட வருவேன், இல்லேன்னா கடல்லயே விழுந்து சாவேன்னு சொல்லிட்டுப் போனதா ஊர்ல இன்னைக்கும் சொல்லுவாங்க. 1907 மே மாசம் 'காலியா' வந்துச்சு. கூடவே 'லாவோ'ன்னு இன்னொண்ணு. (பேரு காலியான்னு இருந்தாலும் கப்பல் காலியாப் போகலை. மொக்கைக்கு மன்னிக்கவும்.) காலியாவுல முதல் வகுப்பு 42 பேர், ரெண்டாம் வகுப்பு 24 பேர், சாதா வகுப்பு 1,300 பேர், கூட 4,000 மூட்டை சரக்கு. கம்பெனி பதிவாகி எட்டே மாசத்துல சொந்தக் கப்பல், ரூட்டு, ஏஜெண்டு, ஊர் முழுக்க ஆதரவு. செமினார்க்காரர் சொல்ற 'ஹை குரோத்' இதுதானே? இதுக்கு மேல என்ன வளர்ச்சி வேணும்?

இப்ப வருது கட்டணச் சண்டை. பி.ஐ. டிக்கெட்டை ஒரு ரூபாய்க்கு இறக்கினான். சுதேசிக் கம்பெனி எட்டணாவுக்கு இறக்குச்சு. அவன் இலவசமா ஏறு, கூட ஒரு குடையும் தாரேன்னான். சிரிக்காதீங்க, குடை நிஜம்.

எட்டணாக் கணக்கைப் போட்டுப் பாருங்க. சாதா வகுப்பு 1,300 சீட்டும் நிறைஞ்சாக்கூட ஒரு நடைக்கு 650 ரூபாய். கம்பெனிப் பங்கு 25 ரூபாய்ன்னா, நிறைஞ்ச கப்பலோட ஒரு நடை வருமானம் 26 பங்கு விலை. கரி, கப்பல் ஆளுங்க சம்பளம், துறைமுகக் கட்டணம் இதெல்லாம் கப்பல்ல ஒருத்தன் ஏறினாலும் ஆயிரம் பேர் ஏறினாலும் ஏறக்குறைய ஒண்ணுதான். அப்போ தூத்துக்குடியில பெரிய கப்பல் கரைக்கு வராது, தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும், ஆளையும் மூட்டையையும் படகுல கொண்டு போய் ஏத்தணும். அந்தச் செலவு வேற. இந்த விலைக்கு டிக்கெட் வித்தா கப்பல் நிறையும், பெட்டி நிறையாது. கூட்டம் கூடக்கூட ஜெயிக்கிறோம்னு தோணும், கஜானாவைத் திறந்தாத்தான் உண்மை தெரியும்.

பி.ஐ.க்கு தூத்துக்குடி - கொழும்பு ஒரு ரூட்டு. ரங்கூன், பம்பாய், கல்கத்தா, பாரசீகம்னு உலகத்துல பாதி அவன்கிட்ட இருந்துச்சு. இங்க குடை கொடுத்து விட்ட காசை அங்க எடுத்துக்குவான். நம்மாளுக்கு இது ஒண்ணுதான். இது தூத்துக்குடியில மட்டும் நடந்த கூத்தும் இல்லை. தாகூரோட அண்ணன் ஜோதிரிந்திரநாத் 1884-ல வங்காளத்துல ஸ்டீமர் விட்டு, வெள்ளைக்காரக் கம்பெனியோட கட்டணப் போட்டியில மாட்டிக் கடனாளியானார். ஜாம்ஷெட்ஜி டாடாவே 1890-கள்ல ஜப்பான் கம்பெனியோட சேர்ந்து சீனா ரூட்டுல கப்பல் விட்டு, பி அண்ட் ஓ கம்பெனி கட்டணத்தைத் தரைக்கு இறக்கினதும் மூட்டை கட்டினார். டாடாவுக்கே அந்தக் கதி.



"அது வெள்ளைக்காரன் காலம்"னு சொல்றவங்களுக்கு: ஏர்செல் ஞாபகம் இருக்கா? நம்மூர்ல பாதிப்பேர் சட்டைப் பையில இருந்த சிம். 2016 செப்டம்பர்ல ஜியோ இலவசம்னு வந்துச்சு. 2018-ல ஏர்செல் திவால். நம்பரை மாத்த நாம ராத்திரி ராத்திரியா மெசேஜ் அனுப்பிக்கிட்டுக் கிடந்தோமே. குடைக்குப் பதிலா டேட்டா, அவ்ளோதான் வித்தியாசம்.

என் கதையையும் சொல்லிடுதேன், இல்லேன்னா உபதேசம் பண்ண இவன் யாருன்னு கேப்பீங்க. 2003-ல நானும் ஒரு ஃபவுண்டர்தான், ஹிஹி. டபிள்யூ.ஜி.சி. ரோட்டுக்குப் பக்கத்துச் சந்துல ஒரு பிரவுசிங் சென்டர். ஆறு கம்ப்யூட்டர். வீட்டம்மா வளையல் நாலு பேங்க்ல. மணிக்கு 30 ரூபாய். முதல் மூணு மாசம் ஓஹோ. அப்புறம் எதிர்ல ஒருத்தர் பன்னெண்டு கம்ப்யூட்டரோட திறந்தார், ஏசி வேற. அவர் 20 ஆக்கினார். நான் 15. அவர் 10. நான் பத்து ரூபாய் கூட ஒரு டீ.

கூட்டம் அள்ளுச்சு மக்கா. வாசல்ல செருப்பு வைக்க இடமில்லை. பசங்க வரிசையில நின்னு சாட்டிங் பண்ணினாங்க. அன்னைக்கு அந்தச் செமினார்க்காரர் வந்து பார்த்திருந்தா கைதட்டியிருப்பார். கரண்டு பில்லும், இண்டர்நெட் பில்லும், டீக்கடை பாக்கியும் கட்டினது நான். எதிர்க்கடைக்காரருக்கு ரைஸ் மில் இருந்துச்சு. அந்தக் கடையில இருந்து அவருக்குக் காசு வரணும்னு அவசியமே இல்லைங்கறது எனக்குப் பதினாலாவது மாசம் ஷட்டரை இறக்கும்போதுதான் புரிஞ்சது. வளையலைத் திருப்பினது 2009-ல.

இதுல நான் அவரைத் தப்பு சொல்ல மாட்டேன். போட்டின்னா அப்படித்தான். தப்பு என் பேர்ல. விலையைக் குறைக்கிறதைத் தவிர என்கிட்ட வேற எதுவுமே இல்லை. மத்தவன் நாளைக்கே என்னைவிடக் கம்மியாக் கொடுக்க முடியும்ங்கிற இடத்துல போய் உக்காந்துக்கிட்டு, கூட்டத்தைப் பார்த்து வளர்ச்சின்னு நெனச்சேன்.



இப்ப ஒருத்தர் பின்னூட்டத்துல வருவார், எனக்குத் தெரியும். "வ.உ.சி. கம்பெனி கட்டணப் போட்டியில தோக்கலை, ஜெயில்ல போட்டாங்க, அதனால தோத்துச்சு"ன்னு. ஓரளவு சரி. சுங்கம், துறைமுகம், மருத்துவச் சோதனைன்னு அதிகாரிங்க கொடுத்த தொல்லை ஒரு பக்கம். 1908 பிப்ரவரி கடைசியில கோரல் மில் ஸ்டிரைக். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தொழிலாளிங்க பக்கம் நின்னாங்க. ஒன்பது நாள்ல மில்லு பணிஞ்சது. அந்த மில்லை நடத்தின ஹார்வி கம்பெனிதான் இங்க பி.ஐ.க்கும் ஏஜெண்டு. மார்ச் 12 கைது. மறுநாள் திருநெல்வேலியே எரிஞ்சது. ஜூலையில ரெண்டு ஆயுள், மொத்தம் 40 வருஷம்னு தீர்ப்பு. அப்பீல்ல குறைஞ்சு 1912 டிசம்பர்ல வெளிய வந்தார். அதுக்குள்ள 1911-லயே கம்பெனியைக் கலைச்சு, கப்பலைப் போட்டிக்காரன்கிட்டயே வித்தாச்சு.

இதைத்தான் நான் சொல்ல வாரேன். நாட்டுக்காகத் தொழில் தொடங்கி, கம்பெனி நஷ்டப்படும்னு தெரிஞ்சும் ஸ்டிரைக்குக்குப் போய் நின்ன மனுஷனை, 'வேல்யுவேஷன்' ஏத்தி வித்துட்டுப் போறதுக்கு உதாரணமாக் காட்டுறீங்களே, கூசலையா? லாபம்தான் குறின்னா பி.ஐ.யோட ஒரு ஒப்பந்தம் போட்டுட்டு நிம்மதியா இருந்திருக்கலாம். அப்படிப் போட்டவங்களும் உண்டு. 1919-ல பம்பாயில வால்சந்த் ஹீராசந்த் கூட்டாளிங்க சிந்தியா கம்பெனி ஆரம்பிச்சாங்க. அவங்களுக்கும் இதே பி.ஐ., இதே கட்டணச் சண்டை. 1923-ல பி.ஐ.யோட ஒரு உடன்படிக்கைக்கு வந்தாங்க, எத்தனை கப்பல் வச்சுக்கலாம், எந்தக் கரையில ஓட்டலாம்னு கட்டுப்பாடு. கேக்கவே கசக்குது. ஆனா கம்பெனி பல பத்து வருஷம் ஓடுச்சு. அது ஓடக் காரணம், பின்னால பம்பாய்ப் பருத்தி வியாபாரிங்க காசு இருந்துச்சு, முன்னால வளைஞ்சு கொடுக்கிற மனசும் இருந்துச்சு. வ.உ.சி.க்கு முதலாவது கம்மி, ரெண்டாவது அவருக்கு வேண்டவே வேண்டாம். தியாகத்துக்கு உதாரணம்னா அவரைச் சொல்லுங்க, எந்திரிச்சு நின்னு கேக்கேன். தொழிலுக்கு உதாரணம்னு சொன்னா, கலைச்ச வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்க.

அந்த ஸ்லைடுல இன்னொண்ணும் இல்லை. வெளிய வந்த பிறகு அவர் பட்ட பாடு. வக்கீல் சன்னது போச்சு. சென்னையில அரிசிக்கடை வச்சார். தென்னாப்பிரிக்காத் தமிழர்கள் அவருக்காகச் சேர்த்துக் காந்தி வழியா அனுப்பின பணம் 347 ரூபாய் 12 அணா. அது கைக்கு வராம 1915-ல கடிதம் மேல கடிதம் எழுதினார். 10 லட்ச ரூபாய் கம்பெனியை நடத்தினவர் 347 ரூபாய்க்கு! ஆ.இரா. வேங்கடாசலபதி இதுக்குன்னே ஒரு புத்தகம் எழுதியிருக்கார். கப்பல் கம்பெனியைப் பத்தியும் 2023-ல இங்கிலீஷ்ல ஒரு பெரிய புத்தகம் கொண்டாந்திருக்கார். செமினார் நடத்துறவங்க வாங்கிப் படிக்கலாம், ராக்கெட் படம் வரையறதைவிட நேரம் கொஞ்சம்தான் கூட ஆகும்.

இதுல யாரும் பேசாத ஒரு சங்கதி. ஒருவேளை எல்லாம் நல்லா நடந்து கம்பெனி தப்பிச்சிருந்தா? 1914-ல பாம்பன் பாலம் வந்துச்சு. போட் மெயில் தனுஷ்கோடிக்குத் திரும்புச்சு, அங்கேருந்து தலைமன்னாருக்குக் கப்பல். கொழும்புப் பயணிகள் கூட்டம் தூத்துக்குடியை விட்டு அந்தப் பக்கம் போயிருச்சு. நம்பிக்கிட்டிருந்த ரூட்டே ஏழு வருஷத்துல நகர்ந்திருக்கும். நூறு வருஷம் கழிச்சு 2011 ஜூன்ல தூத்துக்குடி - கொழும்பு கப்பல் மறுபடி விட்டாங்க, ஸ்கோஷியா பிரின்ஸ். ஊரே போய் வேடிக்கை பார்த்தோம். நவம்பர்ல நின்னு போச்சு.



எங்க கரையில ஒரு பேச்சு உண்டு. முத்துக்குளிக்க இறங்குறவன் கயித்தை மச்சான் கையிலதான் கொடுப்பானாம். அண்ணன் தம்பிகிட்டக்கூடக் கொடுக்க மாட்டான். மச்சான்னா, தங்கச்சி தாலியறுக்கக் கூடாதேன்னு ஒழுங்கா இழுப்பான். கல்லைக் கட்டி இறங்குறவனுக்கு ஒரு மூச்சு நேரம்தான். அதுக்குள்ள மேல இருக்கிறவன் இழுக்கணும். 1961-க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பு நடக்கலை, ஆனா பேச்சு மிச்சமிருக்கு.

அண்ணன் மகன்கிட்ட நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். "ஒன் கயித்தை யார் பிடிச்சிருக்கா?" இன்வெஸ்டர்ன்னான். இன்வெஸ்டர் மச்சான் இல்லலே. பழைய காலத்துல சிப்பியைத் திறக்காம ஆயிரம் ஆயிரமா ஏலத்துல எடுப்பான் வியாபாரி. உள்ள முத்து இருக்கா இல்லையான்னு அவனுக்கும் தெரியாது. நூறு சிப்பியில ஒண்ணுல முத்து இருந்தாப் போதும், மீதியை அழுக விட்டுருவான். இன்வெஸ்டர் கணக்கும் அதே கணக்குதான், அவங்களைக் குத்தம் சொல்லலை. ஆனா நீ சிப்பி. அழுகினா ஒனக்கு நூத்துல ஒண்ணு இல்லை, எல்லாமே போச்சு. அந்தக் காலத்துலயும் எடுத்த சிப்பியில மூணுல ரெண்டு பங்கு சர்க்காருக்கு, ஒரு பங்குதான் உசிரைக் கொடுத்து இறங்கினவனுக்கு.

அவன் சும்மா இருப்பானா. "அப்ப யாருமே தொழில் தொடங்கக் கூடாதா சித்தப்பா? நீங்க இப்படித்தான் சொல்லுவீங்கன்னு அப்பா அப்பவே சொன்னாவ"ன்னான்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. இதே ஊர்ல இன்னொரு தொழிலும் தொடங்கினாங்க. 1921-ல நாடார் பேங்க். 1947-ல அதுக்கு மொத்தமே நாலு கிளை: தூத்துக்குடி, மதுரை, சிவகாசி, விருதுநகர். 26 வருஷத்துல நாலு! எந்தச் செமினார்லயாவது இதைச் சொன்னா சிரிப்பாங்க. 1962-ல தமிழ்நாடு மெர்க்கன்டைல் பேங்க்னு பேர் மாறி, 2022-ல பங்குச்சந்தைக்கு வந்துச்சு. நடுவுல பங்குச் சண்டை, கோர்ட்டு, கேஸ் எல்லாம் பார்த்தாச்சு, இன்னும் இருக்கு. ஏன்னா கயித்தைப் பிடிச்சவங்க எல்லாம் அதுலயே வரவு செலவு வச்ச கடைக்காரங்க. பேங்க் முழுகினா அவங்க கடையும் முழுகும். பணம் போட்டவனும் வாடிக்கையாளனும் ஒரே ஆள்.

பெருசா வளரக் கூடாதுன்னும் சொல்லலை. ஸ்ரீதர் வேம்பு 1996-ல ஆரம்பிச்சு வெளிக்காசு வாங்காமலே சோஹோவை இந்த அளவுக்கு வளர்த்தார், இங்கேருந்து கொஞ்ச தூரத்துல தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில ஆபீஸ் வச்சார். கிரிஷ் மாத்ருபூதம் வெளிக்காசு வாங்கியே ஃப்ரெஷ்வொர்க்ஸை 2021-ல நாஸ்டாக்குக்குக் கொண்டு போனார். ரெண்டு வழியும் வழிதான். ரெண்டு பேரும் வித்தது வாடிக்கையாளர் காசு கொடுத்து வாங்கின சாமானை. இன்னொரு பக்கம் பைஜூஸ். 2022-ல 2,200 கோடி டாலர் மதிப்புன்னாங்க. 2024-ல திவால் கோர்ட்டுல நின்னுச்சு. அதுவும் நம்ம கண்ணு முன்னாடிதான்.



லாரி ஆப்புக்கு வாரேன். நான் ஹார்பர்ல இருபத்தி ரெண்டு வருஷமா குப்பை கொட்டுறவன். ட்ரெய்லர் பிடிக்கிறதுல கஷ்டம் ஆள் கண்டுபிடிக்கிறதுல இல்லை. ஒரு போன் போட்டா வண்டி கிடைக்கும். கஷ்டம் காசு. வண்டி கிளம்பணும்னா டிரைவர் கையில டீசல் அட்வான்ஸ் வேணும், அது இன்னைக்கே வேணும். ஏற்றுமதிக்காரர் வாடகையைக் கொடுக்க எங்க ஆபீஸ் அனுபவத்துல நாப்பத்தஞ்சு நாள், அறுபது நாள் ஆகும். நடுவுல அந்த இடைவெளியைத் தாங்குறவன்தான் புக்கிங் ஆபீஸ் புரோக்கர். எல்லாரும் திட்டுற அதே புரோக்கர். அவர் வாங்குற கமிஷன்ல பாதி ஆள் பிடிச்சதுக்கு இல்லை, அறுபது நாள் கடனுக்கு வட்டி. ஆப்பு வந்து கமிஷன் ஃப்ரீன்னு சொன்னா, டீசல் காசை யார் கொடுப்பா? ஆப்பா?

இதைச் சொன்னதும் பய அமைதியாயிட்டான். ஸ்லைடுல இது இல்லைல.

ஃப்ரீயாக் கொடுத்தா ஆறு மாசத்துல ஆயிரம் வண்டி சேரும், நான் மறுக்கலை. ஆயிரம் வண்டிக்கும் டீசல் காசு இவன் கொடுக்கணும். எவ்வளவு வேகமா வளருறானோ அவ்வளவு வேகமா உப்பளம் கரையும். உப்பளம் கரையறதைப் பார்த்தவங்க நாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்துல குமிச்சு வச்சிருந்த உப்பு அத்தனையும் ஒரே ராத்திரியில தண்ணியாப் போச்சு.

நான் சொன்ன யோசனை ரொம்பச் சாதாரணம். வேலையை விடாதே. ரெண்டு வாரம் லீவு போடு. ஹார்பர் ரோட்டுல ஒரு புக்கிங் ஆபீஸ்ல போய் பெஞ்சுல உக்காரு. ஆப்பு எழுதாதே, ஒரு நோட்டுல எழுது. மூணு ட்ரெய்லரை நீயே போன்ல புக் பண்ணு. கமிஷன் வாங்கு, ஃப்ரீ கிடையாது. கமிஷன் கொடுத்தும் ஒன்கிட்ட வர்றானா பாரு. வந்தா ஏன் வந்தான்னு அவன்கிட்டயே கேளு. அந்தப் பதில்தான் ஒன் கம்பெனி. வரலேன்னா ரெண்டு வாரத்து டீக்காசோட போச்சு.

மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டுத்தான் போனான். மதினி என்கிட்ட ஒரு வாரம் பேசலை. "பையன் நல்லா வந்துருவான்னு பொறாமை"ன்னு அடுக்களையில சொன்னது எனக்கும் கேட்டுச்சு.

போன ஞாயித்துக்கிழமை வந்தான். கையில நிஜமாவே ஒரு நோட்டு. கறுத்துப் போயிருந்தான், ஹார்பர் ரோட்டு வெயில் அப்படி. மூணு வண்டின்னு சொன்னேன், அஞ்சு வண்டி பார்த்திருக்கான். லாரிக்காரங்க யாரும் கமிஷனைப் பத்திப் பேசவே இல்லையாம். இறக்கிட்டு வரும்போது வண்டி காலியா வருது, அதுக்கு ஒரு லோடு பிடிச்சுக் கொடுன்னுதான் எல்லாரும் கேட்டிருக்காங்க. கூடவே, வாடகை என்னைக்கு வரும்னு யாராவது உண்மையைச் சொன்னாப் போதும்னு ஒரு டிரைவர் சொன்னாராம். இதை அவன் சொல்லும்போது கண்ணுல அதே வெளிச்சம். ஆனா இந்தத் தடவை ராக்கெட்டு இல்லை.

உப்பளப் பத்திரத்துல நான் கையெழுத்துப் போடலை. போடவும் மாட்டேன், அது பீரோவுலயே இருக்கட்டும். பேங்க்ல கிடந்த ரெண்டு லட்சத்தை எடுத்துக் கொடுத்திருக்கேன், டீசல் அட்வான்ஸுக்கு. போனா அண்ணன்கிட்ட கேக்க மாட்டேன்னும் சொல்லிட்டேன். வேலையை மட்டும் பொங்கல் வரைக்கும் விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்கேன். மதினி நேத்து நெத்திலிக் கருவாடு கொடுத்து விட்டாவ.

டிஸ்கி: செமினார் நடத்தின கல்லூரி பேரு கேட்டுத் தனிமடல் போடாதீங்க, சொல்ல மாட்டேன். போன பதிவுல நல்ல மக்ரூன் எந்தக் கடைன்னு கேட்டிருந்த மூணு பேருக்கும் பதில் போட்டாச்சு, பாருங்க.